இலக்கும் எல்லையும்

இலக்கு என்னுஞ் சொல் வில்லாளர்க்கு உரியது. எய்பவன் தன் கண்ணையுங் கருத்தையுங் குறியிலே நிறுத்துதல் வில்வித்தைக்கு முறையாகும். ஆயின் எல்லாத் தொழிலுக்கும் அஃதே முறையென்று கொள்ளுதல் பொருந்தாது. தோணியோட்டி கரையையே நோக்கிக்கொண்டிருப்பானாயின் நீரின்கீழ்க் கிடக்குங் கற்பாரைக் காணமாட்டான். வணிகம், அதிலும் விலையேற்ற இறக்கத்தை நம்பிச் செய்யும் வணிகம், வில்வித்தையைச் சார்ந்ததன்று. தோணித் தொழிலைச் சார்ந்தது என்பதே எனது துணிபு. இத்துணிபுக்கு மாறாக நடைபெறும் ஒரு பரீட்சையைப்பற்றியே இங்கு எழுதப் புகுகின்றேன்.

பிறநாட்டு நாணயம், பொன், எண்ணெய், பங்குச்சுட்டி முதலியவற்றின் விலையசைவிலே வணிகஞ் செய்யும் இளைஞரிடையே அப்பரீட்சை பெருவழக்காயுள்ளது. அவர்கள் அதனைச் 'சலஞ்ச்' என்பர். நடத்துவோரைப் 'புரொப் கம்பனி' என்பர். புரொப் கம்பனி என்பதன் பழம்பொருள், பிறருடைய பணத்தையன்றித் தன் சொந்த முதலையே கொண்டு சந்தையில் வணிகஞ் செய்யும் நிறுவனம் என்பதாம். இன்று அப்பெயரைத் தரித்தவற்றுட் பல, எங்கோ ஒரு நாட்டிலிருந்துகொண்டு, கைத்தொலைபேசி வழியாக உலகெங்குமுள்ள இளைஞரைப் பரீட்சிக்கின்றன. நம்மூர்ப் பிள்ளைகளும் அதற்குத் தோற்றுகின்றார்கள்.

இலக்கியப் பக்கத்திலே இதற்கென்ன வேலை என்று சிலர் வினவுதல் கூடும். சந்தை எனக்குரிய பொருளன்று. பரீட்சை எனக்குரிய பொருள். வாழ்நாளிற் பெரும்பகுதியைப் பரீட்சை எழுதியும், எழுதுவித்தும், விடைத்தாள் திருத்தியுங் கழித்தவன் நான். எதனை அளக்க விரும்புகின்றோமோ அதனையே ஒரு பரீட்சை அளக்கின்றதா என்று கேட்பது ஆசிரியன் கடமையாகும்.

முதலிலே பரீட்சையின் அமைப்பைக் கூறுவேன். நிறுவனத்துக்கு நிறுவனம் விதிகள் வேறுபடுமாயினும் பெருவழக்கானது இது. பரீட்சார்த்தி சில நூறு டொலர் கட்டணஞ் செலுத்துவான். அவனுக்கு 100,000 டொலர் எனப் பெயரிட்ட ஒரு பாவனைக் கணக்குக் கொடுக்கப்படும். முதற்படியில் நூற்றுக்குப் பத்து வீதம், அதாவது 10,000 டொலர், இலாபங் காட்டவேண்டும். இரண்டாம்படியில் நூற்றுக்கு ஐந்து வீதங் காட்டவேண்டும். எப்பொழுதாயினும் மொத்த நட்டம் 10,000 டொலரை எட்டினாலோ, ஒருநாள் நட்டம் 5,000 டொலரை எட்டினாலோ அவன் தோற்றவனாவான். இரு படியையுங் கடந்தவன் மூன்றாவதாக ஒரு கணக்கைப் பெறுவான். அதில் வரும் இலாபத்தில் நூற்றுக்கு எண்பது வீதமும் அதற்கு மேலும் அவனுக்குரியது. தோற்றவன் மீண்டுங் கட்டணஞ் செலுத்தி மீண்டும் எழுதலாம்.

இவ்வமைப்பிலே முதற்கண் நோக்கவேண்டியது 100,000 என்னும் எண். அஃது ஒரு பெயர்மாத்திரையே. 10,000 டொலரை இழந்தவுடன் கணக்கு மூடப்படுமாயின், பரீட்சார்த்தியின் கையிலுள்ள உண்மை முதல் 10,000 டொலரேயன்றி ஓரிலட்சமன்று. எஞ்சிய 90,000 டொலரை அவன் தொடவும் முடியாது. ஆகவே, 'நூற்றுக்குப் பத்து இலாபங் காட்டுக' என்று கேட்கப்பட்ட வினாவின் மெய்ப்பொருள், 'உன் முதலை இரட்டிப்பாக்குக' என்பதாகும். பத்து வீதம் என்றவிடத்து எளிதாகத் தோன்றுவது, இரட்டிப்பு என்றவிடத்து எத்துணை அரிதாகத் தோன்றுகின்றது! வினாத்தாளின் சொல்லமைப்பே மாணாக்கனை மயக்குமாயின் அவ்வினாத்தாள் குற்றமுடைத்து.

இனி, வணிகஞ் சிறிதும் அறியாத ஒருவன் நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்த்து இப்பரீட்சையை எழுதுகின்றான் எனக் கொள்வோம். தரகுக் கூலியும் விலையிடைவெளியும் இல்லையெனவும், ஒருநாள் வரம்பை அவன் தொடவில்லையெனவும் வைத்துக்கொள்வோம். மேலே 10,000, கீழே 10,000, இரண்டுஞ் சமதூரம். ஆகவே முதற்படியிலே பாதிப்பேர் தேறுவர். இரண்டாம்படியில் மேலே 5,000, கீழே 10,000. அங்கே மூவரில் இருவர் தேறுவர். எனவே நாணயஞ் சுண்டுவோர் 90 பேர் எழுதினால் முதற்படியில் 45 பேரும், ஈற்றில் 30 பேருந் தேறுவர். உண்மையிலே தரகும் இடைவெளியும் உளவாதலின் தொகை குறையும். குறையினுங் குறைக, யாதும் அறியாதோரிற் பலர் தேறுதற்கு இடமுண்டு என்பது தெளிவு. தேர்ச்சி அறிவுக்குச் சான்றாகவில்லை.

தேர்ச்சியை முடிவுசெய்வது யாது? பணயத்தின் அளவே என்பேன். சிறிது கணக்குப் பார்ப்போம். ஒருவன் கல்வியால் நூற்றுக்கு 52 முறை வெல்வான். மற்றொருவன் கல்வியின்மையால் 48 முறையே வெல்வான். ஒவ்வொரு முறையும் வென்றால் வைத்த பணயமளவு வரவு, தோற்றால் அவ்வளவு நட்டம் என்க. இருவரும் ஒவ்வொரு முறையும் 500 டொலர் வைத்தாடினால், முதற்படியிலே கற்றவனுக்கு நூற்றுக்கு 83 வாய்ப்பு, கல்லாதவனுக்கு 17. ஒவ்வொரு முறையும் 2,500 டொலர் வைத்தாடினால், கற்றவனுக்கு 58, கல்லாதவனுக்கு 42. பணயம் சிறிதாயபோது கற்றானுங் கல்லாதானும் எட்டத்திலே நின்றனர். பெரிதாயபோது ஒருவரையொருவர் உரசி நின்றனர். சிறுபணயத்திலே பரீட்சையாயிருப்பது பெரும்பணயத்திலே சூதாகிவிடுகின்றது.

இங்கு வேறொன்றும் நோக்கற்பாலது. பணயத்தைப் பெருக்கியதால் கல்லாதவனின் வாய்ப்பு 17இலிருந்து 42 ஆக உயர்ந்தது. கற்றவனின் வாய்ப்போ 83இலிருந்து 58 ஆகத் தாழ்ந்தது. தனக்குப் பாதகமான ஆட்டத்திலே ஓர் இலக்கை எட்டியே தீரவேண்டுமென்பவன் துணிந்து பெரிதாக வைத்தலே அவனுக்கு வாய்ப்பான வழியென்பதை டூபின்ஸ், சவேஜ் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் இருவர் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே நிறுவியுள்ளனர். ஆகவே இலக்கை மட்டும் வைத்துச் சோதிக்கும் பரீட்சை கல்லாதவனுக்குத் துணிச்சலைப் போதிக்கின்றது. அத்துணிச்சலையே கற்றவனும் பழகுவானாயின் அவன் கல்வி பயனற்றுப்போகின்றது.

காலக்கெடுவும் இதனோடு சேர்ந்தது. 500 டொலராக வைத்தாடுவோன் இலக்கையோ எல்லையையோ தொடுதற்குச் சராசரி முந்நூறு, நானூறு முறை ஆடவேண்டியிருக்கும். நாளொன்றுக்குப் பத்துமுறையெனினும் ஒரு மாதத்துக்கு மேலாகும். 30 நாட்கெடு வைத்த காலத்திலே, சிறிது வைப்பவன் தவறு செய்யாமலே தோற்கும் நிலையிருந்தது. பின்னர்ப் பல நிறுவனங்கள் கெடுவை எடுத்துவிட்டன. அது நல்ல திருத்தமே. ஆனால் கெடு கடதாசியிலிருந்து நீங்கினும் இளைஞர் மனத்திலிருந்து நீங்கவில்லை.

என்னிடம் நன்னூல் கற்ற இளைஞர் ஒருவர் தம் பரீட்சைக் கணக்கை எனக்குக் காட்டினார். மூன்று வாரம் சிறுசிறு பணயமாக வைத்து, ஏறியும் இறங்கியும், 8,000 டொலர் இலாபத்தை அடைந்திருந்தார். அந்நாட் கணக்குகள் பொறுமையுடைய ஒருவரின் கையெழுத்துப்போலச் சீராயிருந்தன. இலக்குக்கு இன்னும் 2,000 டொலரே இருந்தது. மறுநாட் காலை பணயத்தை ஐந்து மடங்காக்கினார். நண்பகலுக்கு முன்னரே அந்நாள் நட்டம் 5,000 டொலரைத் தொட்டது, பரீட்சை முடிந்தது. அவர் தோற்ற கணத்திலே அவர் கணக்கில் 103,000 டொலர் இருந்தது. மூவாயிரம் இலாபத்தோடு தோற்றவர் அவர். "இன்னும் ஒருநாளில் முடித்துவிடலாமென்று நினைத்தேன், ஐயா" என்றார். எட்டாயிரத்தைத் தேடித்தந்த பொறுமையை இரண்டாயிரத்தின் அண்மை கெடுத்தது. இலக்கு தூரத்திலிருந்தபொழுது அவர் வணிகர். அருகில் வந்தபொழுது ஆட்டக்காரர்.

அவர் செலுத்திய கட்டணம் 500 டொலர். ஒரு டொலர் 300 ரூபா அளவில் நின்ற 2025ஆம் ஆண்டுக் கணக்கிலே அது 150,000 ரூபா. புதிதாக நியமனம் பெற்ற ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளத்தை மிஞ்சுந்தொகை. அதனை அவர் மீண்டுஞ் செலுத்த எண்ணியிருந்தார்.

இத்தகைய கேடு சந்தைக்கே உரியதன்று. கல்வியுலகமும் இதனைக் கண்டதுண்டு. இங்கிலாந்திலே 1862ஆம் ஆண்டு றொபேட் லோ என்பார் கொணர்ந்த விதிக்கோவை, பாடசாலைகளுக்கு வழங்கும் அரசாங்க நன்கொடையைப் பிள்ளைகள் வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றிலும் பெறும் பெறுபேற்றோடு பிணைத்தது. விளைந்தது யாது? ஆய்வாளர் வந்து கேட்கும் வாசகத்தைப் பிள்ளைகள் நெட்டுருச் செய்தனர், கேட்கப்படாதன கற்பிக்கப்படாதொழிந்தன. தாமே ஆய்வாளராயிருந்த கவிஞர் மத்தியூ ஆனல்ட் இதனை வன்மையாகக் கண்டித்தார். அந்நூற்றாண்டு முடியுமுன்னரே அம்முறை கைவிடப்பட்டது. அளவுகோலையே இலக்காக்கினால் அளக்கப்படுவது அளவுகோலைத் திருத்திக்கொண்டு தான் கெட்டுவிடும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டா.

இனிப் பரீட்சகரைப்பற்றிச் சில கூறுவேன். ஆசிரியனுக்கு நிறைகோலை உவமையாகக் கூறிற்று நன்னூல். எந்தப் பக்கமுஞ் சாயாமை நிறைகோலின் இயல்பு. மாணாக்கன் தோற்றால் தனக்கு மீண்டுங் கட்டணம், தேறினால் தனக்குச் செலவு என்றிருக்கும் பரீட்சகன் எங்ஙனம் நிறைகோலாவான்? அவன் வஞ்சகன் என்று நான் சொல்லவில்லை. நேர்மையாளனாயினும் அவனுடைய ஊதியம் மாணாக்கனுடைய தோல்வியின் பக்கத்திலே கட்டப்பட்டிருக்கின்றது என்பதையே சொல்லுகின்றேன்.

இவ்விடத்து ஒரு வழக்கை நினைவூட்டல் தகும். கனடாவிலிருந்து நடத்தப்பட்ட மை ஃபோரெக்ஸ் ஃபண்ட்ஸ் என்னும் நிறுவனத்தின்மீது, ஐக்கிய அமெரிக்காவிலே பண்ட முற்பேர வணிகத்தை மேற்பார்வை செய்யும் ஆணைக்குழு 2023 ஓகஸ்ட் மாதத்தில் வழக்குத் தொடுத்தது. 135,000 பேருக்கு மேற்பட்டோரிடமிருந்து 310 மில்லியன் டொலரேனுங் கட்டணமாகப் பெறப்பட்டது என்றும், வாடிக்கையாளரின் வணிகத்துக்கு எதிர்ப்பக்கத்திலே பெரும்பாலும் அந்நிறுவனமே நின்றது என்றும் முறைப்பாடு கூறிற்று. ஆனால் ஆணைக்குழுவின் நடத்தையிலேயே குற்றங்கண்ட நீதிமன்றம் 2025 மே மாதத்தில் அவ்வழக்கைத் தள்ளிவிட்டது. ஆகவே அந்நிறுவனத்தைக் குற்றவாளியென்று கூற யாருக்கும் உரிமையில்லை. நான் அவ்வழக்கிலிருந்து எடுத்துக்கொள்வது தீர்ப்பையன்று, தொகையையே. பரீட்சைக் கட்டணம் மட்டும் இத்துணை பெரிய வருவாயாகுமாயின், பரீட்சை என்பது வணிகத்துக்கு வாயிலா, அன்றி வாயிலே வணிகமா என்னும் ஐயம் எழுதல் இயல்பு.

வாயில் வாயிலாகவே இருந்ததும் உண்டு. சிக்காகோ நகர வணிகர் றிச்சட் டெனிஸ் 1983ஆம் ஆண்டிலே, வணிகத்தைக் கற்பிக்க முடியுமா, அது பிறவிக் குணமா என்று தம் நண்பர் வில்லியம் எக்காட்டோடு எழுந்த வாதத்தைத் தீர்க்கப் பத்திரிகைகளில் விளம்பரஞ் செய்து சிலரைத் தேர்ந்தார். இரண்டு வாரம் பயிற்றினார். பின்னர்த் தம் பணத்தையே அவர்கள் கையிற் கொடுத்தார். 'ஆமைகள்' எனப் பெயர்பெற்ற அம்மாணாக்கர்க்கு அவர் கற்பித்த விதிகளுள் ஒன்று, கணக்குப் பத்து வீதங் குறையுந்தோறும் அதனை இருபது வீதங் குறைந்ததாகக் கருதிப் பணயத்தைச் சுருக்குக என்பது. இவ்வளவு சம்பாதித்துக் காட்டுக என்று தொடங்காது, இழக்கும்பொழுது எவ்வாறு நடக்கவேண்டும் என்று தொடங்கிய கல்வி அது. மாணாக்கன் இழந்தால் ஆசிரியனுக்கே நட்டம். ஆதலின் ஆசிரியன் உண்மையாகவே கற்பித்தான்.

மறுதரப்பையுங் கேட்டல் முறை. "ஏழை இளைஞனுக்கு முதல் ஏது? தன் சொந்தப் பணத்தை வைத்தாடி முழுவதையும் இழப்பதினும், கட்டணத்தோடு நட்டம் நின்றுவிடுதல் நன்றன்றோ? எல்லை வகுத்து அடக்கங் கற்பிக்கின்றதன்றோ?" என்பர். இவ்வாதத்திலே உண்மையுண்டு. எல்லை வகுத்தமையை நானும் பாராட்டுகின்றேன். இப்பரீட்சையில் கல்வியென்று சொல்லத்தக்க பகுதி எல்லையே, இலக்கன்று. ஒருநாள் இலாபம் மொத்த இலாபத்தில் இத்துணைப் பங்குக்கு மேற்படலாகாது என்று சில நிறுவனங்கள் விதித்திருப்பதும் நன்றே. ஒரே நாளில் அள்ளிவந்தவனை அவர்களும் ஐயுறுகின்றார்கள் என்பதற்கு அவ்விதி சான்று. கட்டணத்தோடு நட்டம் நிற்கும் என்பதோ ஒருமுறை எழுதுவோனுக்கே பொருந்தும். ஐந்துமுறை எழுதுவோன் ஐந்து கட்டணத்தை இழக்கின்றான்; அத்தொகையே அவன் தேடிக்கொள்ள வேண்டியிருந்த முதலாகும்.

ஆதலின் நிறுவனங்களிடம் வேண்டுவன மூன்று. ஆண்டுதோறும் எத்தனைபேர் எழுதினர், எத்தனைபேர் தேறினர், தேறினோருள் எத்தனைபேர் தாம் கட்டியதினும் மிகுதியாகப் பெற்றனர் என்பதை வெளியிடுக. ஒருமுறை வைக்கும் பணயம் நட்ட எல்லையில் இருபதிலொரு பங்குக்கு மேற்படாதவாறு வரம்பு செய்க; கற்றாரையுங் கல்லாரையும் பிரித்தறிய அதுவே வழி. இலாபத்தொகையை மட்டும் நோக்காது, நூறு, இருநூறு வணிகத்தின் நடையை நோக்கித் தேர்ச்சி வழங்குக. ஒருவனைத் தெளிதற்கு அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கையுங் கருவியாக்கினார் வள்ளுவர். பொருளொன்றையே கருவியாக்கிய பரீட்சை நாலிலொரு பங்குப் பரீட்சையே.

இளைஞரிடம் வேண்டுவனவும் உள. 100,000 என்னும் எண்ணை மறந்து 10,000 என்னும் எண்ணை மனத்திற் கொள்க. அதில் நாற்பதிலொரு பங்கை, 250 டொலரை, ஒருமுறைக்கு வைத்தால் நாற்பது அடி தாங்கலாம். நூற்றுக்கு 52 முறை வெல்லுங் கல்வியுடையவனுக்கு அந்நிலையிலே நூற்றுக்கு 96 வாய்ப்புண்டு. அக்கல்வி தமக்குண்டோ என்பதைக் கட்டணமில்லாத பாவனைக் கணக்கிலே சில நூறு முறை எழுதிப் பார்த்து அறிக. இல்லையெனக் கண்டால் பரீட்சைக்கு விண்ணப்பியாதிருப்பதே இலாபம். இலக்கு அருகில் வந்தபொழுது பணயத்தைக் கூட்டாதொழிக. எட்டாயிரத்தை நடந்து கடந்தவன் இரண்டாயிரத்தை ஓடிக் கடக்கவேண்டிய காரணம் யாதுமில்லை. தோற்றவுடன் மீண்டுங் கட்டணஞ் செலுத்தாதொழிக; தோல்விக்கும் அடுத்த விண்ணப்பத்துக்கும் இடையே தம் பிழையைத் தாமே எழுதிப்பார்க்கும் நாட்கள் சில கிடக்கட்டும்.

நம் பிள்ளைகள் தேறவேண்டுமென்றே நானும் விரும்புகின்றேன். ஆனால் தேர்ச்சியும் அறிவும் ஒன்றென்று அவர்களுக்கு யாரேனுஞ் சொல்லுவாராயின், அதை மறுத்துரைக்க ஆசிரியரல்லால் வேறு யார் உளர்? கணித ஆசிரியர் இக்கணக்கை ஒருநாட் கரும்பலகையில் எழுதிக் காட்டுவாராக. அரைமணி நேரம் போதும். செலவு ஒரு துண்டு வெண்கட்டி.